ஷூ போடாதவனின் குதிகால்

எங்கள் ஆலையில் பாதுகாப்பு ஷூவோடு ஷிஃப்ட் முழுக்க நிற்கிறவர்களுக்குக் குதிகாலின் பின்புறம் தோல் தடித்துப் போகும். அதற்குக் கம்பெனி முத்திரை என்று பெயர் வைத்திருக்கிறோம். பெண்கள் ஓய்வறையில் ஷூவைக் கழற்றும்போது யாருடையது பெரியது என்று ஒப்பிட்டுச் சிரிப்பதும் உண்டு. என்னுடையதுதான் எப்போதும் பெரியது. இரண்டு கால்களிலும், குதிகாலுக்குச் சற்று மேலே தடித்த நரம்பு இறங்குகிற இடத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலிக்காது. அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். முழங்கைகளிலும் சிறியதாக ஒவ்வொன்று. மேசையில் முழங்கை ஊன்றி உதிரிபாகங்களை அளக்கிற வேலை என்பதால் அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

என் பெயர் மஞ்சுளா. வயது நாற்பத்தாறு. பிறந்தது ஜவளகிரி, வேலையும் வீடும் ஓசூரில். தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கணவர் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இன்னொரு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தினமும் நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். மருத்துவமனை நாட்களில் எழுதியதை இப்போது ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதைப் படிக்கிற யாராவது தன் வீட்டு ஆட்களின் கால்களைத் திருப்பிப் பார்க்கட்டும் என்பதற்காக.

என் பயத்துக்குத் தொடக்கம் என் அண்ணன். முப்பத்தெட்டு வயதில், குந்தாரப்பள்ளிச் சந்தையில், அப்போதுதான் வாங்கிய மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் கையிலிருந்து கயிறு விடுபட்ட பிறகும் மாடு நகராமல் பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னார்கள். கறியும் முட்டையும் தின்ற உடம்பு, அதான் நெஞ்சு அடைச்சிடுச்சு என்று ஊரே பேசியது. நானும் நம்பினேன். அந்த வாரமே கறியை விட்டேன், பிறகு முட்டையை, பிறகு நெய்யை.

அதனால்தான் போன ஆண்டு ஆலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையின் முடிவு வந்தபோது எனக்குக் காகிதத்தில் எழுத்தே தெரியவில்லை. எல்.டி.எல். என்ற வரி சிவப்பில் இருந்தது. ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அடைக்கக்கூடிய கொழுப்பைச் சுமந்து போவது அது. கெட்ட கொழுப்பு என்பார்கள். இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கறியே தொடாத எனக்கு.

கம்பெனி டாக்டர் வயதானவர், பொறுமையானவர். கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். கூடவே, "செறிவூட்டின சோயா பால் இருக்கும்மா, வெண்ணெய் மாதிரி ரொட்டில தடவறதும் இருக்கு. செடியிலேர்ந்து எடுத்த ஸ்டெரால் சேர்த்திருப்பாங்க. அட்டையைப் பாத்து வாங்குங்க. சாப்பாட்டோட எடுத்தா நல்லாக் குறையும்" என்றார்.

தாவர ஸ்டெரால் என்பது செடிகொடிகளில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு. உருவத்தில் நம் கொலஸ்ட்ராலுக்குத் தம்பி போல. குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே நுழைகிற வாசலில் இதுவும் போய் முண்டியடித்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கொலஸ்ட்ரால் குறைவாக ஏறும். அப்புறம் குடலே இந்தத் தம்பியைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். பெரும்பாலான மனிதர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது, அவர்களுக்கு அது நல்ல உணவும்கூட. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் கதையைக் கேட்டு யாரும் அவர்கள் டாக்டர் சொன்னதை நிறுத்திவிடக் கூடாது.

நான் சொன்னபடி செய்கிறவள். ஆலையில் ஒரு வாஷரின் தடிமன் மயிரளவு கூடினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவள். வீட்டிலும் அப்படியே ஆனேன். காலையில் செறிவூட்டிய சோயா பால். சப்பாத்தியில் அந்தப் போலி வெண்ணெய். சமையலுக்குத் தவிட்டு எண்ணெய். சாதத்துக்கு எள்ளுப்பொடி. மாலையில் வறுத்த நிலக்கடலை. அது ஜவளகிரியில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி முனிராஜ் மூட்டையாக அனுப்புவது.

"என்னட்டி இது, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வச்ச மாதிரி அளந்து அளந்து வைக்கெ?" என்பார் கணவர்.

"உங்களுக்கும் சேத்துதான். குடிங்க."

"எனக்குக் கொழுப்பு வாயிலதாம்ல இருக்கு. அதுக்குச் சோயா பால் கேக்காது."

திட்டிக்கொண்டே குடிப்பார். தம்பிக்கும் அந்த வெண்ணெய் டப்பாக்களை ஜவளகிரி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அண்ணன் போனபிறகு எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். கூடியிருந்தது.

கம்பெனி டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மஞ்சுளா, உண்மையைச் சொல்லு. வீட்ல எல்லாரும் சாப்பிடறப்ப நீ ஒரு கை கறி எடுத்துக்கறது தப்பில்ல. ஆனா எங்கிட்ட மறைக்காதே."

வெளியே வந்து கணவருக்கு ஃபோன் செய்து அழுதேன். "அந்த ஆளு கெடக்கான்" என்று தொடங்கி அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அன்று இரவு அவரும் தூங்கவில்லை. நான் இன்னும் கண்டிப்பானேன். சோயா பாலை இரண்டு வேளையாக்கினேன்.

நெஞ்சுவலி வந்தபோது அது நெஞ்சில் வரவில்லை. ஆலை உணவகத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கீழ்த்தாடை வலித்தது, கடைவாய்ப் பல் வலி போல. பிறகு இடது தோள். பிறகு ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்வை. குழாயை மூட வேண்டும் என்று தோன்றியது, கை போகவில்லை. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த மாட்டுக் கயிறுதான் ஞாபகம் வந்தது. இதுதானா அண்ணனுக்கு வந்தது என்று நினைத்தேன். இவ்வளவு அமைதியாகவா?

ஆலை ஆம்புலன்ஸில் ஓசூரிலேயே ஓர் இதய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள்; இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டுவது. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற பொருள் அது. கசிந்திருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மை செலுத்தி, படம் பார்த்தார்கள். ஆஞ்சியோகிராம். முழு மயக்கம் கிடையாது. திரையில் என் இதயத்தின் குழாய்கள் இலையுதிர்ந்த மரக்கிளை போலத் தெரிந்தன. ஒரு கிளை நடுவில் நூலாக இளைத்திருந்தது. அந்த இடத்தில் ஸ்டென்ட், அதாவது குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும் வலைக்கம்பி, வைத்தார்கள்.

உயிர் பிழைத்தேன். ஆனால் பயம் குறையவில்லை, கூடியது. காரணம், டாக்டரின் முகம். பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்துபோகிற பெண் டாக்டர். கன்னடம் கலந்த தமிழ். என் ரத்த அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் புருவம் சேரும். ரத்தம் உறைய உதவும் சின்ன அணுக்களான பிளேட்லெட் எனக்குக் குறைவாக இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கட்டாயம். பிளேட்லெட் குறைந்த உடம்பில் அந்த மாத்திரை எங்காவது ரத்தக் கசிவை உண்டாக்கலாம். கொடுக்காவிட்டால் ஸ்டென்ட் அடைக்கலாம்.

"ரெண்டு பக்கமும் பள்ளம்" என்றார் கணவர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று யாரிடமோ ஃபோனில். நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் நாட்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பக்கத்துப் படுக்கையின் கருவி சத்தம் மாறும்போதெல்லாம் என் கருவியைத் திரும்பிப் பார்ப்பேன். கண்ணை மூடினால் இதயம் நின்றுவிடும், விழித்திருந்து காவல் காத்தால் நிற்காது என்று ஒரு நினைப்பு. காவல் காத்தேன். கணவர் பார்வை நேரத்தில் வந்து என் கால் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்துவிடுவார். பேச மாட்டார். பேச்சுக்காரர் பேசாமல் இருந்ததே என்னை இன்னும் பயமுறுத்தியது. காப்பீட்டு மேசைக்கும் வார்டுக்கும் நடந்தே அவர் செருப்பு பிய்ந்துபோயிருந்தது. ஊக்கு குத்தி மாட்டியிருந்தார்.

இளைய டாக்டர் ஒருவர் வந்து குடும்ப விவரம் எழுதிக்கொண்டார்.

"சொந்தத்துல கல்யாணமாம்மா?"

"இல்ல சார். அவர் திருநெல்வேலி."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். என் வேலையும் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது: வரைபடத்தில் எதை அளக்கச் சொல்லியிருக்கிறதோ அதை மட்டும் அள.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு உணவு ஆலோசகர் என் தட்டில் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்தார். காலையில் மூடியைத் திறந்தால் சோயா பால், வீட்டில் நான் வாங்கும் அதே வகை. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

முனிராஜ் அன்றைக்குத்தான் வந்தான். அவரைக்காய்ப் பறிப்பு நடந்துகொண்டிருந்ததால் முன்பே வர முடியவில்லை. கையில் ஒரு பை, அதில் வறுத்த கடலை. உள்ளே வந்ததும் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது.

"என்னாக்கா, நல்லா ஏசி ரூமா பாத்து வந்து படுத்துகினியா?"

"நீ வேணா வந்து படுடா. காலி பண்றேன்."

"ஐயோ வேணாம். எனக்கு ஊசின்னாலே ஒத்துக்காது. அம்மா அழுதுகினே இருக்குது. அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுவுது." கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

உட்கார நாற்காலி இல்லை. ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கீழே விட்டுவிட்டு, ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டான். கணவர் அவனிடம், "மாப்ளே, ஆஸ்பத்திரில்லா, காலை எறக்கும்" என்றார். அந்த நேரத்தில்தான் பெண் டாக்டர் உள்ளே வந்தார்.

என் நாடியைப் பிடித்தார். என் காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கப் போர்வையை விலக்கினார். அவர் விரல் என் குதிகாலுக்குப் பின்னால் போய் நின்றது.

"இது என்ன?"

"ஷூ மேடம். கம்பெனி ஷூ. எங்க லைன்ல எல்லாருக்கும் இருக்கும்."

அவர் தலையாட்டினார். போர்வையை மூடிவிட்டார். திரும்பும்போது ஜன்னல் திட்டில் இருந்த முனிராஜின் மடித்த காலைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"நீங்க எந்தக் கம்பெனி?"

முனிராஜ் அவசரமாகக் காலை இறக்கினான். "கம்பெனியா? நான் ஜவளகிரி மேடம். ராகி, கடலை, அவரை."

"ஷூ போடுவீங்களா?"

"ஷூவா? கல்யாணத்துக்கே போடல மேடம். பொண்ணு வீட்ல வாங்கிக் குடுத்தாங்க, கடிக்குதுன்னு கழட்டிட்டேன்."

"காலைத் திருப்புங்க. ஸ்வல்ப, கொஞ்சம் இப்படி."

அவன் என்னைப் பார்த்தான், வகுப்பில் மாட்டிக்கொண்டவன் போல. திருப்பினான். அதே இடம். அதே கட்டி. மண் படிந்த, வெடித்த, எந்த ஷூவும் உரசாத குதிகாலில்.

டாக்டர் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு முழங்கையைக் காட்டச் சொன்னார். அங்கேயும். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்தவரை எந்த நோயாளி கட்டிலிலும் அவர் உட்கார்ந்ததில்லை.

"வேற கூடப் பொறந்தவங்க?"

கணவர்தான் சொன்னார். "மூத்தவரு ஒருத்தர் இருந்தாரு மேடம். முப்பத்தெட்டுல போய்ட்டாரு. இதே நெஞ்சுதான்."

"அவருக்குக் கால்ல இது இருந்ததா?"

"அண்ணனுக்கு எங்க ரெண்டு பேரையும்விடப் பெருசு மேடம்" என்றான் முனிராஜ். "நாலு குதிகாலன்னுதான் ஊர்ல கூப்புடுவாங்க. அண்ணனும் சிரிச்சிகினே திரும்பிப் பாக்கும்."

எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. அண்ணனைக் கிடத்தி, இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டியபோது நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். அந்தக் கட்டிகளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அழுதேன்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"சொந்தமாவா?" முனிராஜுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த மாமன் மேடம் எங்கப்பா. எங்க பக்கம் மாமன் இருக்கறப்ப வெளிய யாரு பாப்பாங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "கேஸ் ஷீட்ல இல்லைன்னு எழுதியிருக்கே."

"என் கல்யாணத்தைத்தான் கேட்டாங்க மேடம்" என்றேன்.

அவர் தட்டில் இருந்த காலி டம்ளரை எடுத்து முகர்ந்தார். "இது எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

அதன்பின் அவர் விளக்கியதை, எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். குடல் அந்தத் தாவரக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும் என்று சொன்னேன் அல்லவா. தள்ளுகிற ஆள் எங்கள் குடலில் இல்லாமல் இருக்கலாம். பிறவியிலேயே. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணுக்கள் சேர்ந்தால் இப்படி ஆகும். ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் மணந்துகொண்டால் இரண்டு பக்கமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்டவர்கள் எள், கடலை, எண்ணெய் என்று எதைச் சாப்பிட்டாலும் செடியின் கொழுப்பு ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். குழாய்களில் படியும், நரம்புகளில் கட்டியாகும், பிளேட்லெட்டையும் குறைக்கும். ஸிட்டோஸ்டெரோலீமியா என்று பெயர். மிக அரிது.

"அப்ப டெஸ்ட்ல கொலஸ்ட்ரால்னு வந்ததே மேடம்?"

"சாதாரண டெஸ்டுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

இது எனக்கு உடனே விளங்கியது. இரும்பு வாஷரையும் பித்தளை வாஷரையும் கலந்து தட்டில் கொட்டினால் எடை மெஷின் மொத்த எடையைத்தான் சொல்லும். மெஷின் மீது தவறில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நல்லது என்று நான் அளந்து அளந்து ஊற்றியதெல்லாம்தான் அந்தத் தட்டில் ஏறியிருந்தது. எனக்கு மட்டுமா? முனிராஜுக்கு டப்பா டப்பாவாக அனுப்பினேனே.

"டேய், அந்த வெண்ணெய்..."

"தெனமும்தான்க்கா. நீ குடுத்ததாச்சே. ராகி ரொட்டிக்கு நல்லா இருந்துச்சு." அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கொண்டுவந்த கடலைப் பையை மெதுவாக ஜன்னல் திட்டின் பின்பக்கம் தள்ளி வைத்தான்.

எங்கள் இருவரின் ரத்தமும் வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. கொழுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கிற கருவி அங்கேதான் இருக்கிறதாம். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்க அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை, பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் எனக்கும் கணவருக்கும் ஒரே சமயத்தில் வரும் நடுக்கம். எதைச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. பாதுகாப்பு என்று நான் நம்பிய ஒவ்வொன்றும் சமையலறை அலமாரியில் வரிசையாக நின்று என்னைப் பார்த்தது. கணவர் ஒரு மூட்டையில் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டினார். எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இனி என்னத்தட்டி ஆக்குவ?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

அம்மா ஜவளகிரியிலிருந்து ஃபோனில் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் எம் மாமனைக் கட்டுனதுதான் தப்பா மஞ்சு?"

"இல்லம்மா. அது யாருக்கும் தெரியாதும்மா."

அவர் ஃபோனை வைக்கவில்லை. மாடு ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

முடிவு வந்தது. இருவருக்கும் அதுவேதான்.

எனக்குச் சிகிச்சை எளிது. எஸெடிமைப் என்ற மாத்திரை. குடல் வாசலையே பாதி சாத்திவிடுவது. எள், கடலை, கொட்டைகள், எண்ணெய் எல்லாம் மிகக் குறைவு. வெள்ளைச் சோறு, காய்கறி, பழம், ஆடை நீக்கிய பால், மோர். முட்டையின் வெள்ளைக்கரு. பல வருடம் கழித்து முட்டையை உடைத்தேன். அண்ணனைக் கொன்றது என்று நான் நம்பிய பொருள்.

சிரமம் முனிராஜ்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டான். இதயக் குழாய்களை ஸ்கேன் எடுக்க மட்டும் வரமாட்டேன் என்றான். உழவு, அறுப்பு, பஸ் இல்லை, யானை நடமாட்டம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். கடைசியில் ஃபோனில் நான் கத்தினேன்.

"அண்ணனுக்கு முப்பத்தெட்டுடா. உனக்கு இப்ப முப்பத்தேழு."

"அதாங்க்கா" என்றான். "பாத்துட்டா இருக்குதுன்னு ஆயிடும்ல" என்றான்.

கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு தளி வழியாக ஜவளகிரிக்குப் போனார். மத்தியானம் முனிராஜைப் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "மாட்டைக்கூடச் சந்தையில இம்புட்டு இழுக்க மாட்டாவ" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஸ்கேன் அறைக்குள் செருப்புடன் விடமாட்டார்கள். முனிராஜ் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கதவு சாத்தும் முன் அவன் குதிகால்கள் கடைசியாகத் தெரிந்தன. நான் அந்தச் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஸ்டென்ட் வைத்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அப்போது நடப்பது என் உடம்பில் நடந்தது. நான் அதோடு இருந்தேன். இங்கே கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். குழாய்ச் சுவரில் மூன்று இடங்களில் படிவு தொடங்கியிருந்தது. எதுவும் இன்னும் அடைக்கவில்லை. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதும், ஆனால் வாழ்நாள் முழுக்க என்றார். முனிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, "அக்கா, பசிக்குது. எனக்குன்னு திங்க என்னா இருக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றான். அவன் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

இப்போது என் எண்கள் இறங்கிவருகின்றன. பிளேட்லெட் ஏறிவருகிறது. குதிகால் கட்டியை மாதம் ஒருமுறை வெர்னியர் அளவுகோலில் அளக்கிறேன். மெதுவாக, மிக மெதுவாகச் சுருங்குகிறது. ஆலை ஓய்வறையில் யாராவது ஷூவைக் கழற்றினால் நான் முதலில் கையால் தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் வெறும் காய்ப்புதான். அவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் முனிராஜ் ஃபோனில் ஒரு படம் அனுப்பினான். ஊர்த் திருவிழாவில் எடுத்தது. எங்கள் சித்தப்பாவின் பேத்தி, எட்டு வயது. அவளுடைய அப்பாவும் அக்காள் மகளைத்தான் கட்டியிருக்கிறார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் கோலத்தைத் தாண்டிக் குதிக்கிறாள். முகம் படத்தில் இல்லை. முனிராஜ் குதிகால்கள் தெரியும்படி கீழேயிருந்து எடுத்திருந்தான்; இரண்டிலும் சின்னதாக அதே கட்டி.

உடனே கூப்பிட்டேன். அவன் ஏற்கெனவே அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா" என்றான்.

"ஃபோனை அவங்க அம்மாகிட்ட குடு. குடுத்துட்டு, உன் காலைக் கழுவி அவங்களுக்குக் காட்டு."